விரல் நுனியில் வெள்ளி

மைசூரு தசராவின் யானை ஊர்வலம் போய் முடிகிற இடம் பன்னிமண்டபம். அதே வட்டாரத்தில் ஆரவாரமில்லாத ஒரு தொழிற்சாலை இருக்கிறது. இந்திய வாக்காளரின் இடது ஆள்காட்டி விரலில் வைக்கிற அழியா மை அங்கிருந்துதான் வருகிறது.

தொழிற்சாலை பிறந்தபோது தேர்தல் யார் நினைவிலும் இல்லை. மைசூர் சமஸ்தானத்துக் காடுகளில் கிடைத்த அரக்குக்கு ஒரு தொழில் வேண்டும் என்று 1937-ல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் தொடங்கிய ‘மைசூர் லாக் அண்ட் பெயிண்ட் ஒர்க்ஸ்’ அது. முத்திரை அரக்கும் பெயின்டும் செய்துகொண்டிருந்தது. 1947-ல் அரசு நிறுவனமானது. தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய மைக்கான உரிமம் கைக்கு வந்து, 1962 பொதுத் தேர்தலிலிருந்து மை இங்கிருந்து போகத் தொடங்கியது. ‘மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ்’ என்ற இன்றைய பெயர் 1989-ல் வந்தது.

முழுச் செய்முறை ரகசியம். ஆனால் உயிர்நாடி எதுவென்று எல்லோருக்கும் தெரியும்: சில்வர் நைட்ரேட்.

வாக்குச்சாவடியில் குச்சியால் கோடு இழுத்தவுடன் தெரிகிற ஊதா வெறும் சாயம்தான். அது கழுவினால் போய்விடும். உண்மையான வேலை அதற்கடியில் நடக்கிறது. வியர்வையில் உப்பு இருக்கிறது, அதாவது சோடியமும் குளோரினும். மையிலுள்ள வெள்ளி அயனி குளோரைடோடு சேர்ந்து, நீரில் கரையாத சில்வர் குளோரைடாகத் தோலின் மேலடுக்கில் படிகிறது. வெளிச்சம் பட்டதும் குளோரைடிலிருந்து ஓர் எலக்ட்ரான் பெயர, வெள்ளி அயனி அதைப் பிடித்துக்கொண்டு நுண்ணிய உலோகத் துகளாகிறது. விரல் கறுக்கிறது. சில்வர் குளோரைடு வெளிச்சத்தில் கறுப்பதை ஸ்வீடனின் வேதியியலாளர் ஷீலே 1777-லேயே ஆராய்ந்திருக்கிறார். புகைப்படக்கலை பிறந்ததும் இந்தக் குணத்திலிருந்துதான்.

வேடிக்கை என்னவென்றால், விரல் நுனியில் சந்திக்கும் சோடியத்துக்கும் வெள்ளிக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரான்தான். சோடியத்தின் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அமையும். வெள்ளியின் 47-ம் 2, 8, 18, 18, 1 என்று. மெண்டலீவ் தன் 1871 தனிம அட்டவணையில் செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றையும் சோடியத்தோடு முதல் தொகுதியில் வைத்தார். மனம் ஒப்பவில்லை போலும்: அடைப்புக்குறி போட்டு, எட்டாம் தொகுதியிலும் எழுதிவைத்தார். எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படாத காலம். அவருடைய தயக்கம் நியாயமானது.

இரண்டும் வேறுபடுவதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது. வெள்ளியின் உட்கூட்டில் நிரம்பியிருக்கும் பத்து ‘டி’ எலக்ட்ரான்கள், அணுக்கருவின் இழுப்பைச் சரியாக மறைப்பதில்லை. அதனால் வெளியே நிற்கும் ஒற்றை எலக்ட்ரானை அணுக்கரு இறுக்கிப் பிடிக்கிறது. அதைப் பிரிக்க சோடியத்தில் மோலுக்கு 496 கிலோஜூல் போதும். வெள்ளிக்கு 731 வேண்டும். எலக்ட்ரானைத் தொலைத்த சோடியம் அதைத் திரும்பத் தேடாது, தண்ணீரோடு போய்விடும். வெள்ளியோ சந்தர்ப்பம் கிடைத்ததும் பறித்துக்கொள்ளும். சோப்பு தோற்பது இங்கேதான்.

லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்று இறங்க இறங்க எலக்ட்ரானின் பிடி தளரும். பள்ளிப் பாடமும் அதுதான். வெள்ளியின் வரிசை அதற்கு அடங்காது. செம்பு 745, வெள்ளி 731 என்று சற்று இறங்கி, தங்கத்தில் 890-க்கு ஏறிவிடுகிறது. தங்கத்தின் குளோரைடும் தோலில் ஊதாக் கறை வைக்கும். கோலார் சுரங்கமே மைசூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. என்றாலும் வாக்காளர் விரலில் தங்கம் பூச எந்தக் கஜானாவும் சம்மதிக்காது!

மை வாக்குச்சாவடியோடு நிற்கவில்லை. 2016 நவம்பரில் பழைய நோட்டு மாற்ற வந்தவர்களின் விரலில் வங்கிகள் வைத்தன. 2020-ல் கொரோனா தனிமையில் இருக்கவேண்டியவர்களின் கையில் முத்திரையாக விழுந்தது. மைசூருவிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. மாலத்தீவு போன்ற இடங்களில் விரலையே மையில் முக்கி எடுப்பார்கள்.

10 மில்லி குப்பி ஒன்று சுமார் 700 விரல்களுக்கு வரும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு ஏறத்தாழ 26 லட்சம் குப்பிகள் போயின. சந்தையில் வெள்ளி விலை ஏறினால் குப்பியின் விலையும் கூடவே ஏறுகிறது.