மெதுவான மாரியோ

2019 அக்டோபர் 31 அன்று சபா, சரவாக்கில் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அதோடு மலேசியா முழுக்கப் பழைய தொலைக்காட்சி அலை ஓய்ந்தது. சிங்கப்பூர் அந்த ஆண்டு பிறந்தபோதே அதை முடித்துவிட்டிருந்தது. இரண்டு நாடுகளிலும் 1963இல் தொடங்கிய ஒன்று இது. பழைய டிவி வைத்திருப்பவர்கள் டிகோடர் வாங்க வேண்டும் என்று விளம்பரங்கள் வந்தன, முதியவர்களுக்கு உதவி செய்யச் சொன்னார்கள். கேம் பெட்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசாததில் தவறும் இல்லை. ஆனால் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் நம் தாமான் வீடுகளில் இருந்த கேம் பெட்டி ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம்தான். ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையில் இதைச் செருகுவோம். காலியான ஓர் அலைவரிசையைத் தேடித் திருகினால், இரைச்சலுக்கு நடுவே மாரியோ நிற்பான். ஆர்.டி.எம். வந்த அதே வழியில்தான் அவனும் வந்தான்.

இப்போது அதே விளையாட்டுகளை ஹோம் தியேட்டரில் ஆடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் கிள்ளானில் தன் வீட்டு மேல்மாடி அறையை அதற்கென்றே மாற்றி வைத்திருக்கிறார். 120 அங்குலத் திரை, கூரையில் புரொஜெக்டர், சுற்றிலும் ஏழு ஒலிபெருக்கி, மூலையில் ஒரு சப்வூஃபர். அங்கே உட்கார்ந்து பல இரவுகள் பழைய விளையாட்டுகளை ஆடியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எனக்கு ஒரு வரலாற்றுக் கேள்வி பிறந்தது. நாம் ஆடிய விளையாட்டு உண்மையில் எங்கே இருந்தது? கேசட்டிலா, டிவியிலா?

நிண்டெண்டோவின் ஃபேமிலி கம்ப்யூட்டர் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 14,800 யென். அது ஜப்பானியத் தொலைக்காட்சிக்காகச் செய்யப்பட்டது. ஜப்பானும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி. முறையில் இருந்தன, வினாடிக்கு 60 முறை திரை வரையப்படும். சிங்கப்பூருக்கு 1974இலும் மலேசியாவுக்கு 1978இலும் வண்ணம் வந்தபோது இரு நாடுகளும் ஏற்றுக்கொண்டது ஜெர்மனியில் பிறந்த பால் முறையை. குடிக்கிற பால் இல்லை, பி.ஏ.எல். அதில் கோடுகள் அதிகம், ஆனால் வினாடிக்கு 50 முறைதான். ஜப்பானியப் பெட்டியை அப்படியே கொண்டுவந்து இங்குள்ள டிவியில் சொருகினால் படம் சரியாக வராது.

இந்த இடைவெளியில்தான் தைவான்காரர்கள் நுழைந்தார்கள். 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற பெயரை என் வயதுக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். ஃபேமிலி கம்ப்யூட்டரின் நகல்கள் அவை. இந்த நகல்களில் இருந்த தைவான் சில்லுகள் ஒரு கெட்டிக்கார வேலை செய்தன. செயலி கிட்டத்தட்ட ஜப்பானிய வேகத்திலேயே ஓடும், திரைக்கு மட்டும் 50 தடவை படம் அனுப்பும். அதனால் ஜப்பானிய கேசட் எதைப் போட்டாலும் பெரும்பாலும் ஓடியது. ஆனால் விளையாட்டின் கணக்கு திரை வரையப்படும் எண்ணிக்கையை ஒட்டியே நடப்பதால், 60 அடி எடுத்து வைக்க வேண்டிய நேரத்தில் மாரியோ 50 அடிதான் வைத்தான். ஆறில் ஒரு பங்கு வேகம் போயிற்று. பாட்டும் அப்படியே. சுருதி ஏறக்குறைய சரியாக இருக்கும், காலப்பிரமாணம் மட்டும் இறங்கியிருக்கும். விளம்பக் காலத்தில் பாடிய மாரியோவைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள்.

2016இல் நிண்டெண்டோ தன் பழைய பெட்டியைச் சிறிதாக்கி மீண்டும் விற்றபோது எல்லா நாட்டுக்கும் 60 என்றே வைத்தது. சோனி 2018இல் அதே மாதிரி பிளேஸ்டேஷனை வெளியிட்டபோது சில விளையாட்டுகளை 50லேயே விட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. விமர்சகர்கள் 50ஐ ஒரு குறைபாடாக மட்டுமே எழுதினார்கள். தொழில்நுட்பக் கணக்கில் அது சரிதான். ஆனால் கிள்ளான் நண்பரின் திரையில் முதன்முறையாக 60இல் மாரியோவை ஓட்டியபோது, யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல அவன் ஓடினான். பத்து வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளங்களில் வரிசையாக விழுந்தேன். என் விரல்கள் கற்றது வேறொரு மாரியோவை.

படத்துக்கு வருவோம். பழைய டிவியில் படம் என்பது பின்னாலிருந்து பாயும் எலக்ட்ரான் கதிர் கண்ணாடியின் உட்பூச்சில் கோடு கோடாக இழுத்துக்கொண்டே போவது. கேம் பெட்டி அனுப்பியது சுமார் 240 கோடுதான். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே மெல்லிய இருட்டு விழும். நிறங்கள் ஒன்றில் ஒன்று கசியும். படம் வரைந்தவர்கள் இந்தக் கசிவை நம்பியே வரைந்தார்கள். 1991இல் வந்த சோனிக் விளையாட்டில் ஓர் அருவி இருக்கிறது. உண்மையில் அது ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும் செங்குத்துக் கோடுகள். மஞ்சள் ஏ.வி. கேபிளில் வந்து டியூப்பில் விழும்போது அவை கலந்து, பின்னாலிருக்கும் பாறை தெரிகிற தண்ணீராக ஆகிவிடும். ஹோம் தியேட்டரில் அருவி இல்லை. கம்பி வேலி இருக்கிறது. 4கே திரையில் 2160 வரிசை, 240ஐ ஒன்பதால் பெருக்கினால் அச்சாக அதே எண். ஒரு கோட்டுக்கு ஒன்பது வரிசை என்று பிசிறில்லாமல் வந்து உட்காரும். அவ்வளவு துல்லியம், அவ்வளவு துரோகம்.

வேகத்திலும் இதே கதைதான். டியூப் டிவி சிக்னல் வர வர வரைந்துவிடும், எதையும் சேமித்து வைத்து யோசிக்காது. இன்றைய ரிசீவரும் புரொஜெக்டரும் படத்தைப் பிடித்து, ஆராய்ந்து, பெரிதாக்கி, அப்புறம்தான் காட்டும். 50 மில்லி வினாடி தாமதம் என்றால் 60இல் ஓடும் விளையாட்டில் மூன்று படம் பின்தங்கிவிட்டது என்று பொருள். சினிமா பார்க்க அது ஒன்றுமே இல்லை. தாண்டிக் குதிக்க அது ஒரு உயிர். 1984இல் வந்த 'டக் ஹண்ட்' நிலைமை இன்னும் மோசம். துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கியிலுள்ள ஒளியுணரி அந்த மின்னலைப் பார்க்கும். டியூப் இல்லாவிட்டால் அந்தத் துப்பாக்கி குருடு. 120 அங்குலத் திரையில் நாய் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஒலியைப் பொறுத்தவரை ஹோம் தியேட்டர் பக்கம்தான் நான். ஃபேமிலி கம்ப்யூட்டருக்கு ஐந்து ஒலித்தடங்கள். அவற்றில் முக்கோண அலைத்தடம்தான் பெரும்பாலும் அடிநாதம் வாசிக்கும். எங்கள் வீட்டு டிவியின் சின்ன ஸ்பீக்கரில் அது ஏதோ முனகலாகத்தான் கேட்டது. சப்வூஃபரில் கேட்டபோதுதான் அந்தப் பாட்டுக்குத் தரை என்று ஒன்று இருந்தது தெரிந்தது. சூப்பர் நிண்டெண்டோவின் 'கிங் ஆர்தர்ஸ் வேர்ல்ட்' போன்ற சில விளையாட்டுகள் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே டால்பி சரவுண்டில் ஒலியைப் பொதிந்து வைத்தன. அதைப் பிரித்துக் கேட்கும் கருவி அன்று எத்தனை வீட்டில் இருந்திருக்கும்? பொட்டலத்தைப் பிரிக்க முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

இழந்த படத்தைத் திரும்ப வரவழைக்கவும் இப்போது ஒரு சந்தை இருக்கிறது. ஜப்பானின் ஃபிரேம்மைஸ்டர் கருவியில் பரவலாகத் தொடங்கி, 2023இல் வந்த ரெட்ரோடிங்க் 4கே வரை நீளும் வரிசை அது. கடைசியாகச் சொன்னதன் விலை வெளிவந்தபோது 750 அமெரிக்க டாலர், அன்று நம் காசுக்கு மூவாயிரம் வெள்ளிக்கு மேல். அது செய்யும் முக்கிய வேலைகளில் ஒன்று, டியூப்பின் கோட்டையும் இருட்டையும் கசிவையும் கணக்குப் போட்டு நடித்துக் காட்டுவது. லோரோங்கில் சும்மா தூக்கிப் போட்டதை மூவாயிரம் வெள்ளி கொடுத்துப் போலி செய்கிறோம்.

வீடியோ கேம் வரலாறு என்று எழுதப்படும் புத்தகங்களில் ஜப்பான் வரும், அமெரிக்கா வரும். டியூப்பை ஒரு பாத்திரமாகச் சேர்த்தால் வரைபடம் மாறுகிறது. தைவானின் சுங்வா ஷா ஆலாமில் பிக்சர் டியூப் தொழிற்சாலை வைத்திருந்தது. சாம்சுங் சிரம்பானில் வைத்திருந்தது. உலகம் முழுக்க வரவேற்பறைகளில் எரிந்த கண்ணாடிகளில் ஒரு பகுதி சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் செய்யப்பட்டவை. அந்தத் தொழிலைப் பற்றி எளிதில் கிடைக்கும் விரிவான ஆவணம் எது தெரியுமா? 2012 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் கொடுத்த தீர்ப்பு. டியூப் நிறுவனங்கள் பத்து வருஷம் போல ரகசியமாகக் கூடி விலை பேசி வைத்ததற்காக ஏறத்தாழ 147 கோடி யூரோ அபராதம். பெரிய அதிகாரிகளின் கூட்டங்களுக்கு 'கிரீன் மீட்டிங்' என்று பெயர், முடிந்ததும் கோல்ஃப் ஆடுவார்களாம். கோல்ஃப் ஆடியதுகூடப் பதிவாகியிருக்கிறது.

என் சின்னம்மா பதினோரு வருஷம் ஒரு டியூப் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தோட்டத்திலிருந்து பாக்டரி பஸ் ஏறிப் போன பெண்களில் ஒருவர். அவர் வேலை கன்வர்ஜென்ஸ். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கதிர்களும் ஒரே இடத்தில் விழ வேண்டும். கறுப்புத் திரையில் வெள்ளைக் கட்டம் போட்ட வலை ஒன்று வரும். டியூப்பின் கழுத்தில் உள்ள காந்த வளையங்களைத் திருகித் திருகி, பிரிந்து நிற்கும் மூன்று நிறக் கோடுகளையும் ஒரே வெள்ளைக் கோடாக்க வேண்டும். "ராத்திரி ஷிப்ட் முழுக்க அதே கட்டந்தான். கண்ண மூடுனாலும் கட்டம் தெரியும்" என்பார். அவர் வீடியோ கேம் ஆடியதில்லை. ஆனால் நான் ஆடிய ஒவ்வொரு விளையாட்டும் அவரைப் போன்ற யாரோ ஒருத்தியின் கண்ணைத் தாண்டித்தான் என்னிடம் வந்தது.

போன தீபாவளிக்கு அவரைக் கிள்ளான் நண்பர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். பெரிய திரையில் மாரியோ ஓடியதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கோடு நல்லா சேந்திருக்கு. ஆனா படம் சுவத்துல ஒட்டுன மாதிரி நிக்குதே தம்பி. டியூப்புல இப்படி நிக்காது. வெளிச்சம் கூடுனா லேசா மூச்சு விடும்" என்றார். நண்பர் உடனே ரிமோட்டை எடுத்து ஏதோ ஒரு ஃபில்டரைப் போட்டுக் காட்டினார். திரையில் கோடுகள் விழுந்தன. சின்னம்மா எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "இது கோடு வரஞ்சது" என்று மட்டும் சொல்லிவிட்டு முறுக்குத் தட்டுப் பக்கம் போய்விட்டார்.

அதன் பிறகு நான் டியூப் டிவி தேடத் தொடங்கினேன். லேசான காரியமில்லை. அந்தக் கண்ணாடியில் ஈயம் இருப்பதால், 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி அது எஸ்.டபிள்யூ. 110 என்ற எண்ணுள்ள அட்டவணைக் கழிவு. கடைக்காரர்கள் கையாள்வதற்கே தயங்குகிறார்கள். ஒருவழியாக மேருவில் ஒரு பழைய சாமான் கடையில் 21 அங்குலப் பெட்டி ஒன்று கிடைத்தது, நாற்பது வெள்ளி. காரில் ஏற்றும்போது முதுகு பிடித்துக்கொண்டது தனிக்கதை. வீட்டில் மைக்ரோ ஜீனியஸைச் சொருகிப் படம் வந்ததும் அதை அப்படியே போனில் எடுத்துச் சின்னம்மாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் குரல்பதிவு வந்தது.

"வலது கீழ் மூலையில செவப்பு வெளிய நிக்குது பாரு. யாரு இத பாஸ் பண்ணி விட்டா?"