பெட்டியின்மேல் எழுத்து

பூச்சோங்கில் ஒருவர் பழைய மலாயாவின் சரக்கு இரயில் பெட்டிக்கு மாதிரி செய்ய முற்பட்டால், வண்ணக் குப்பியைத் திறக்குமுன் ஆண்டைத் தீர்மானித்தல் வேண்டும். வண்ணத்தை மட்டும் நம்புதல் ஆகாது. வெயிலும் மழையும் நீராவி எஞ்சினின் கரியும் அதனை மாற்றிவிடும். எழுத்தே சான்று. 1901-இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் இரயில்வே அமைந்தது, எப்.எம்.எஸ்.ஆர். என்பது அதன் அடையாளம். 1945-இல் போர் முடிந்தபின் எம்.ஆர். வந்தது, நாடு விடுதலையுற்ற பின்னர் கே.டி.எம். நிலைத்தது. 1930-ஆம் ஆண்டின் ரப்பர்ப் பெட்டியில் கே.டி.எம். எனத் தீட்டுதல், எத்துணை அழகாயினும், வரலாற்றுப் பிழையே.

இருப்புப்பாதை அமைத்தோருள் தமிழர் பலர். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் அவர்தம் குடும்பங்கள் வாழ்ந்தன. அக்கால நிலையப் பெயர்ப்பலகைகளில் உரோமன், ஜாவி, சீன எழுத்துகளோடு தமிழும் இடம்பெற்றிருந்தது. பெட்டிக்கருகே நிலையமும் அமைப்போர் அத்தமிழ் வரியை விட்டுவிடலாகாது.