சாம்பல் உப்பிலிருந்து சிரப்பு வரை

தச்சநல்லூரில் ஒரு மருந்துக்கடை. எனக்கு முன்னால் நின்ற ஆச்சி, "அண்ணாச்சி, நீர்க்கடுப்பு தாங்க முடியல. போன தடவ குடுத்த சிரப்பையே குடுங்க" என்றார். மறுபேச்சில்லாமல் பாட்டில் கைமாறியது. லேபிளை எட்டிப் பார்த்தேன்: டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட். இந்த சிட்ரேட்டை உடம்பு பைகார்பனேட்டாக மாற்றிவிடும். அதனால் சிறுநீரின் அமிலத்தன்மை குறையும்.

மருந்து புதுசு, யோசனை பழசு. நாயுருவி போன்ற செடிகளைக் காயவைத்து எரித்து, சாம்பலை நீரில் கரைத்து, வடித்துக் காய்ச்சி உப்பு எடுப்பது நம்ம சித்த மருத்துவத்தில் உண்டு. இப்படிக் கிடைப்பதில் பெரும்பகுதி பொட்டாசியம் கார்பனேட், அதாவது காரம். 'ஆல்கலி' என்ற சொல்லே சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

லண்டன் கதை இன்னும் வேடிக்கை. ஜோனா ஸ்டீபன்ஸ் என்ற பெண்மணி கல்லடைப்புக்கு மருந்து விற்றார். அந்த ரகசியத்தை வெளியிட 1739-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 5,000 பவுண்டு ஒதுக்கியது. ரகசியம் என்ன? சுட்ட முட்டை ஓடு, நத்தை ஓடு, சோப்பு, கொஞ்சம் மூலிகை. இவ்வளவுதான்! சிரிக்க வேண்டாம், எல்லாம் காரப் பொருள்தான். ஆனால் பிரதமராக இருந்த ராபர்ட் வால்போல் இதே வழியில் காரமான சோப்புக் கரைசலைக் குடித்து அவதிப்பட்டு, 1745-இல் இறந்தார். அந்த மருந்தால்தான் இறந்தாரா என்று மருத்துவர்கள் புத்தகம் போட்டுச் சண்டை பிடித்தார்கள்.

கல்லுக்குள் என்ன இருக்கிறது என்றே அப்போது தெரியாது. 1776-இல்தான் ஷீலே சிறுநீர்ப்பைக் கல்லில் யூரிக் அமிலத்தைக் கண்டார். இந்த வகைக் கல், சிறுநீரின் பிஎச் 6.5-ஐ ஒட்டி உயர்ந்தால் மெல்லக் கரையும். ஆனால் கிருமித்தொற்றால் வரும் ஸ்ட்ரூவைட் கல்லும், கால்சியம் பாஸ்பேட் கல்லும் காரத்தில்தான் வளரும். ஒரு கல்லுக்கு மருந்து, இன்னொரு கல்லுக்குத் தீனி.

சரி, கல்லே இல்லாத வெறும் நீர்க்கடுப்புக்கு? பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்த் தொற்றில் இந்த வகை மருந்து பலன் தருகிறதா என்று 2016-இல் கோக்ரேன் குழு அலசியது. கணக்கில் எடுக்கத் தகுந்த ஆய்வு ஒன்றுகூடத் தேறவில்லை. போதாததற்கு, இந்தத் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரை காரமான சிறுநீரில் வீரியம் குறைந்துபோகும்.

ஆச்சிக்கு இது இரண்டாவது பாட்டில். ஒருதடவை யூரின் டெஸ்ட் எடுத்துப் பாருங்க என்று கடைக்காரர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை.