ஆடுசாபட்டியாரும் சுவாமிகளும்: தொடர்கதையில் ஆசான்

வத்தலக்குண்டில் 1872இல் பிறந்த பி.ஆர். ராஜம் ஐயர், இருபது வயதைத் தாண்டிய சூட்டோடு விவேக சிந்தாமணி இதழில் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். 1893 முதல் 1895 வரை தொடராக வந்த அந்த நாவல், 1896இல் நூலாயிற்று. அதைப் பற்றிய விமர்சனங்களில் ஒரு குறை வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது: முற்பாதி உயிருள்ள கிராமச் சித்திரம், பிற்பாதி வேதாந்தப் பிரசங்கம் என்பார்கள். குறை இருப்பது உண்மை. ஆனால் பழியை வேதாந்தத்தின் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வாசகர் மனத்தில் ஓர் ஆசான் எப்படி இடம்பிடிக்கிறார் என்ற கேள்வியிலிருந்து பார்த்தால், கோளாறு வேறோர் இடத்தில் இருப்பது தெரியும்.

நாவலில் இரண்டு ஆசான்கள் உண்டு. ஒருவர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை, தமிழ்ப் பண்டிதர். சாதாரணப் பேச்சுக்கும் செய்யுளை இழுத்து வருபவர், கேலிக்கு ஆளாகிறவர், கள்ளமில்லாதவர். மற்றவர் சச்சிதானந்த சுவாமிகள். செல்வம் போய், பிள்ளையைப் பறிகொடுத்து, மனைவிமேல் எழுந்த அபவாதத்தில் மனம் உடைந்த முத்துஸ்வாமி ஐயருக்குக் குருவாக வாய்ப்பவர். கதையின் பாரத்தைத் தாங்குபவர் சுவாமிகள். நூற்றுமுப்பது ஆண்டுகளாகத் தமிழ் வாசகர் கொண்டாடுவதோ பிள்ளையவர்களை. கமலாம்பாள் சரித்திரத்தைப் படித்தவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியும் ஆடுசாபட்டியாரிடம் வந்துவிடும். சுவாமிகளை மதிக்கிறோம், அவர் பேசியதைத் திருப்பிச் சொல்லவும் முடிகிறது. அவர் தடுமாறிய ஒரு கணத்தைச் சொல்லுங்கள் என்றால் விழிக்கிறோம்.

ராஜம் ஐயர் அன்பை ஒருவரிடமும் ஞானத்தை இன்னொருவரிடமும் பிரித்துக் கொடுத்துவிட்டார் என்பதே என் வாதம்.

தவணை முறையில் சொல்லப்படும் கதைக்கு இந்தப் பிரிவினை கட்டாயமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, நம் காலத்துத் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 2005 முதல் 2008 வரை 61 பகுதிகளாக வந்த ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்ற அசைபடத் தொடரில் ஐரோ என்ற கிழவர் வருகிறார். நாடு கடத்தப்பட்ட இளவரசன் சூக்கோவுக்குப் பெரியப்பா. அவனுக்கு ஆசானும் அவரே. முதல் பருவத்தில் அவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்கிறோம். தேநீர்ப் பித்து, தொப்பை, தூக்கம். ஒரு பகுதியில், தாம் ஆடும் பலகை விளையாட்டின் தாமரைக் காய் ஒன்று தொலைந்துவிட்டது என்று கப்பலையே திசை திருப்பவைக்கிறார். துறைமுகக் கடைகளிலெல்லாம் தேடிக் கிடைக்காமல், கடைசியில் அது அவருடைய சட்டைக் கைக்குள்ளேயே இருக்கிறது! எரிச்சலில் கொதிக்கிறான் சூக்கோ. அடுத்த பருவத்தில், பாலைவனத்து ஊர் ஒன்றில் முன்பின் தெரியாத ஒருவர் எதிரே பலகை முன் உட்கார்ந்து, அதே தாமரைக் காயை நடுவில் வைக்கிறார் ஐரோ. நாடுகளின் எல்லை கடந்த ஞானியர் சங்கம் ஒன்றின் அடையாளம் அது என்பது அப்போதுதான் நமக்குத் தெரியவருகிறது. கிழவரின் கிறுக்கு என்று நாம் தள்ளிவிட்டதெல்லாம் வேறு ஒளியில் திரும்பி வருகிறது.

அதே பருவத்தில், மறைந்த மகன் லூ டென்னின் படத்தை ஒரு குன்றின் மரத்தடியில் வைத்து அவர் அழும் காட்சி வருகிறது. அந்த மகனைப் பலி வாங்கியது, தளபதியாக இருந்த ஐரோவே பா சிங் சே நகருக்கு இட்ட முற்றுகை. தமது புகழுக்குக் கொடுத்த விலையை அறிந்தவர் அவர். 2006இல் காலமான மாக்கோ என்ற நடிகர்தான் அதுவரை அவருக்குக் குரல் கொடுத்தவர். அந்தக் காட்சி அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. இறுதியில், தம்மைக் காட்டிக்கொடுத்த சூக்கோ மன்னிப்புக் கேட்டு அழுகையில், அவன் சொல்லி முடிக்குமுன் இழுத்து அணைத்துக்கொள்கிறார். அவர் உதிர்த்த பொன்மொழிகளைக் காட்டிலும் இந்த அணைப்பே ரசிகர்களைக் கட்டிப்போட்டது. அதற்கு முன்னால் அவரோடு சிரித்தும் சலித்தும் பல மணி நேரம் கழித்திருந்தோம் என்பதால்தான் அந்த அணைப்புக்கு அவ்வளவு வலு.

ராஜம் ஐயர் கையிலும் இதே வசதி இருந்தது. அவரும் இதழ் இதழாகத்தான் வாசகரைச் சந்தித்தார். அவரிடமும் ஒரு வேடிக்கையான கிழவர் இருந்தார். அப்படியிருந்தும் நெருக்கடி வந்ததும் ஆடுசாபட்டியாரை விட்டுவிட்டு வெளியிலிருந்து ஒரு ஞானியை அழைத்து வந்தார். ஏன்?

தமிழ் மரபில் சிரிப்புக்குரிய குருவும் வணக்கத்துக்குரிய குருவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்ததில்லை. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு முழுக்க மடையர். திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் மாணிக்கவாசகரை ஆட்கொண்டவரோ சிவபெருமானே. தாயுமானவருக்கு வாய்த்தவர் மௌன குரு. அந்தப் பாடல்களில் தோய்ந்தவர் ராஜம் ஐயர். பக்குவம் வந்தபோது குரு தாமே வருவார் என்பது அவருக்குக் கதை உத்தி அன்று, நம்பிக்கை. நம்பிக்கைக்குரியவரைச் சிரிப்புக்கு உள்ளாக்க அவருக்கு மனம் வந்திராது. விதிவிலக்காக எனக்குத் தோன்றுவது ஒளவை மட்டுமே. மாடு மேய்க்கும் சிறுவன் சுட்ட பழமா, சுடாத பழமா என்று கேட்டு அவளை மடக்கும் கதையை நாம் இத்தனை காலமாகச் சலிக்காமல் சொல்லிவருவதற்குக் காரணம், அங்கே ஞானமூதாட்டி தோற்கிறாள் என்பதே.

குருவின் ஆளுமை கரைந்துபோவதுதான் அத்வைதத்தின் இலக்கு, அவரை ஓர் ஆளாக நேசிப்பதே பந்தம் ஆகாதா என்று வேதாந்தத் தரப்பிலிருந்து கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ராஜம் ஐயர் உபதேச நூல் எழுதவில்லை. ஊர் வம்பையும் மாமியார் பேச்சையும் திருட்டையும் கல்யாணத்தையும் அத்தனை நுணுக்கமாக எழுதி, மனிதரை மனிதராகப் பார்க்க வாசகரைப் பழக்கியவர் அவரேதான். அப்படிப் பழகிய கண், சுவாமிகளிடமும் ஒரு மனிதரைத் தேடத்தான் செய்யும்.

இந்தச் சிக்கல் அவரையும் விட்டபாடில்லை என்று நினைக்க இடமிருக்கிறது. 1896இல் சென்னையில் தொடங்கிய ‘பிரபுத்த பாரத’ ஆங்கில இதழுக்கு ஆசிரியரானவர், அதிலும் ஒரு கதை எழுதினார். இம்முறை உயர்ந்த மனிதரைப் பின்பாதியில் கொண்டுவரவில்லை. வாசுதேவ சாஸ்திரி என்று தலைப்பிலேயே அவர் பெயரை வைத்தார். 1898 மே மாதம், இருபத்தாறு வயதில் இறந்துபோனார். கமலாம்பாள் சரித்திரத்தின் பிற்பாதியைக் குறை சொல்லும் நாம், அந்த ஆங்கிலக் கதையை அதற்கு அடுத்த படியாக வைத்து இன்னும் போதிய அளவு படிக்கவில்லை.