பாடும் களிமண் உருண்டை!

அமெரிக்காவில் 1969-ல் தொடங்கிய குழந்தைகள் கல்வி நிகழ்ச்சி 'செசமி ஸ்ட்ரீட்'. அதில் தொண்ணூறுகளில் வந்தவள் செசில். முகம் முளைச்ச களிமண் உருண்டை, அவ்வளவுதான். ஆனா பாட ஆரம்பிச்சா, செம க்யூட்!

அந்தப் பாட்டுக்குப் பின்னால இருக்கிற உழைப்புதான் மலைக்க வைக்குது. சினிமா கணக்குல ஒரு செகண்டுக்கு 24 பிரேம். ஒரே போஸை ரெண்டு பிரேமுக்கு வச்சாலும், ஒரு நிமிஷப் பாட்டுக்கு 720 தடவை வாயை, கண்ணைக் கையால திருத்தணும். திருத்தணி முருகனைப் பார்க்க 365 படி ஏறுறோமே, கிட்டத்தட்ட அதை ரெண்டு தடவை ஏறுற மாதிரி!

சாதாரணக் களிமண் லைட் சூட்டுல காய்ஞ்சு வெடிச்சிடும். அதனால எண்ணெய் கலந்த பிளாஸ்டிசின்தான் இதுக்கு செட் ஆகும். வீட்டுல ட்ரை பண்றீங்களா? முதல்ல போனை ஆடாம நிறுத்துங்க. ஒரு செகண்டுக்கு 12 போட்டோ போதும்.