வாசல், பந்தி, அடுப்பு: சத்துணவின் சாதி வரலாறு

பள்ளிச் சத்துணவின் வரலாறு என்றால் தமிழ்நாட்டில் உடனே மூன்று பெயர்கள் சொல்லப்படும்: பிட்டி தியாகராயர், காமராசர், எம்.ஜி.ஆர். மூவரின் பங்கும் உண்மை, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வரலாறு எப்போதும் கொடுத்தவர் பக்கத்திலிருந்தே சொல்லப்படுகிறது. தட்டை ஏந்தி நின்ற குழந்தை எந்தத் தெருவிலிருந்து வந்தது, கரண்டியைப் பிடித்த பெண் எந்தச் சாதி, அடுப்பு ஊரில் எரிந்ததா சேரியில் எரிந்ததா என்ற கேள்விகள் அரசு விழா மலர்களில் இடம்பெறுவதில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்டால், நூறு ஆண்டுச் சத்துணவு வரலாற்றோடு தீண்டாமை இடம் மாறிய வரலாறும் சேர்ந்தே வரும்.

தீண்டாமை முதலில் பள்ளி வாசலில் நின்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் பல கிராமப் பள்ளிகள் அக்கிரகாரத்திலோ, கோயிலை ஒட்டியோ, ஊர்ச் சாவடியிலோ நடந்தன. சேரிப் பிள்ளை அந்தத் தெருவில் கால் வைக்கவே தடை இருந்தபோது, பள்ளிக்கூடம் 'எல்லோருக்கும் பொது' என்று எழுதி வைத்து என்ன பயன்? அதனால்தான் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்கெனத் தனிப் பள்ளிகளைத் திறந்தது. நம் பெரியவர்கள் 'லேபர் ஸ்கூல்' என்று சொன்னது இவற்றைத்தான். லேபர் பள்ளிகளிலும், பின்னர் அரிசன நலத்துறைப் பள்ளிகளிலும் பகல் உணவு கொடுக்கப்பட்டது. காமராசர் திட்டத்துக்கு முன்பே சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சோறு கிடைத்த இடங்கள் இருந்தன. ஆனால் அது தனிப் பள்ளி, தனிப் பந்தி.

சென்னை நகரில் 1920 செப்டம்பரில் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி தரலாம் என்பது அதன் சாரம். அப்போது மன்றத் தலைவர் தியாகராயர். பிறகு இது மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. இப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1922-23இல் 811ஆகவும் 1924-25இல் 1,671ஆகவும் உயர்ந்தது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று அரசு சொன்னதால் 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. பிள்ளைகளின் வருகையும் குறைந்தது. சோறு போட்டால் ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வரும், நிறுத்தினால் வராது என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்த உண்மை. இன்றும் 'இலவசம்' என்று முகம் சுளிப்பவர்கள் அந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கட்டும்.

விடுதலைக்குப் பின் வந்த அரசமைப்புச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பிரிவு 17 தீண்டாமையை ஒழிக்கிறது. பிரிவு 47 மக்களின் ஊட்டச்சத்து நிலையையும் பொதுச் சுகாதாரத்தையும் உயர்த்துவது அரசின் தலையாய கடமை என்கிறது. முதலாவது அடிப்படை உரிமை, இரண்டாவது வழிகாட்டும் நெறி. ஊட்டச்சத்துத் திட்டம் தீட்டிய அதிகாரிகளும் வல்லுநர்களும் 47ஐ மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கலோரி எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கலோரி தலித் குழந்தையின் வயிற்றுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் 17ஆம் பிரிவு சமையற்கட்டில் வேலை செய்தாக வேண்டும் என்பதை யாரும் கணக்கில் கொள்ளவில்லை.

1956இல் காமராசர் ஆட்சியில் பகல் உணவுத் திட்டம் தொடங்கியது. எட்டயபுரம் அதன் தொடக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர். ஆண்டுக்கு 200 நாள் உணவு என்ற இலக்கு, பெரும்பாலும் ஊராரின் நன்கொடையை நம்பித் தொடங்கியது. பின்னர் அரசு மானியம் வந்தது, 1961 முதல் கேர் நிறுவனத்தின் உதவியும் சேர்ந்தது. சாதி பாராமல் ஒரே பந்தியில் பிள்ளைகள் உட்கார வேண்டும் என்ற எண்ணத்தைப் பொதுப் பள்ளிக்குள் பெருமளவில் கொண்டுபோனது இந்தத் திட்டம்தான். ஆனால் நன்கொடையை நம்பி நடந்த பந்தியில் நெல் கொடுத்தவர் ஊர்க்காரர். நிலம் யாரிடம் இருந்ததோ அவரே விருந்து கொடுப்பவரானார். நிலமற்ற கூலியின் பிள்ளை அவர் தயவில் உண்பவனானான்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இந்த உறவை மாற்றியது. முதலில் கிராமங்கள், அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்கள், 1984இல் பதினைந்து வயது வரையிலான மாணவர்கள் என்று விரிந்த இந்தத் திட்டத்தில் சோறு போட்டது அரசு. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஊருக்கு ஊர் அரசு ஊதியம் பெறும் பெண்கள் வந்தார்கள். இதற்கு இணையாக 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்குத் தனியாகச் சத்துமாவு கொடுத்தது. நாடு முழுவதற்குமான அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 முதலே நடந்துகொண்டிருந்தது. இவற்றால் தலித் குழந்தைகள் பெற்ற பயன் பெரிது. ஒரு வேளைச் சோறு உறுதி என்பதால் ஆடு மாடு மேய்க்கப் போகாமல் பள்ளிக்குப் போன தலைமுறை நம் காலனிகளில் இன்றும் இருக்கிறது.

அரசு விருந்து கொடுப்பவரானதும் தீட்டுக்குப் பந்தியில் இடம் குறைந்தது. அது அடுப்பங்கரைக்குப் போனது.

சாதியின் சமையல் இலக்கணம் நமக்குத் தெரிந்ததுதான். சேரிக்காரர் அறுத்துக் கொடுத்த நெல்லில் தீட்டு இல்லை. தூக்கிச் சுமந்த மூட்டையிலும் தீட்டு இல்லை. அதே அரிசியை அவர் உலையில் போட்டு வடித்தால் தீட்டு. உலர்ந்த தானியம் சாதியைத் தொடுவதில்லை, வெந்த சோறுதான் தொடுகிறது. இந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு நாட்டின் சத்துணவு வரலாற்றைப் பாருங்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று ஒன்றிய அரசு தேசியத் திட்டத்தை அறிவித்தது. பெரும்பாலான மாநிலங்கள் சமைத்துப் போடாமல் மாணவர் தலைக்கு மாதம் 3 கிலோ தானியம் கொடுத்துக் கணக்கை முடித்தன. சமையற்கூடம் இல்லை, செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், தானியமாகக் கொடுக்கும்வரை யாரும் யாரோடும் உட்கார வேண்டியதில்லை, யார் கையாலும் உண்ண வேண்டியதில்லை.

அதை உடைத்தது உச்ச நீதிமன்றம். மக்கள் குடிமை உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று வந்த ஆணை, குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் உள்ள சமைத்த உணவை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் தர வேண்டும் என்றது. அடுப்பு பற்ற வைத்தவுடன் சாதியும் எழுந்து வந்தது. சத்தீசுகர், இராசத்தான், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் நடந்த ஆய்வைப் பற்றி 2003இல் எழுதிய ஜான் டிரேஸும் அபர்ணா கோயலும், பிள்ளைகள் சேர்ந்து உண்பதைவிடத் தலித் சமையலர் நியமனத்துக்கே கடும் எதிர்ப்பு இருந்ததைக் காட்டினார்கள். சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மதிய உணவில் சாதிப் பாகுபாடு இருப்பதாகச் சொன்ன கிராமங்கள் இராசத்தானில் 52 விழுக்காடு, தமிழ்நாட்டில் 36 விழுக்காடு, ஆந்திரத்தில் 24 விழுக்காடு. சமூகநீதி மண் என்று மேடைதோறும் சொல்லும் நாம் ஆந்திரத்துக்குக் கீழே நின்றோம். தமிழ்நாட்டில் பெரும்பாலான உணவு மையங்கள் ஆதிக்க சாதியினர் வாழும் பகுதியில் இருந்ததையும் அதே ஆய்வு சொன்னது. அக்கிரகாரத்துப் பள்ளியின் கதை வேறு தெருவில் தொடர்ந்தது.

இதை நீதிமன்றமும் உணர்ந்தது. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று 2004 ஏப்ரல் 20 அன்று ஆணையிட்டது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் அங்கன்வாடி விரைவில் அமைய வேண்டும் என்று அதே ஆண்டு அக்டோபரில் ஆணையிட்டது. இந்த நாட்டின் ஊட்டச்சத்து வரலாற்றில் 47ஆம் பிரிவும் 17ஆம் பிரிவும் ஒன்றாகச் சந்தித்த இடம் என்று இந்த இரண்டு ஆணைகளையும் சொல்லலாம். நம் பிள்ளைகளின் பாடநூலில் இருக்க வேண்டிய ஆணைகள் இவை. ஆனால் எத்தனை வட்டார வளர்ச்சி அலுவலகங்களில் இவற்றைப் படித்தவர் இருக்கிறார்?

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் சமையலர் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் திரண்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்ததுதான். போராட்டத்துக்குப் பிறகே ஆணை திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2021 டிசம்பரில் உத்தராகண்ட் மாநிலம் சம்பாவத் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் இதே கதை நடந்தது. தலித் சமையலர் சமைத்ததைச் சவர்ணப் பிள்ளைகள் உண்ணவில்லை, அவர் நீக்கப்பட்டார். அதற்குப் பதிலாக நியமிக்கப்பட்ட சவர்ணப் பெண் சமைத்ததைத் தலித் பிள்ளைகள் உண்ண மறுத்தார்கள். பிறகு அவர் மீண்டும் வேலையில் சேர்க்கப்பட்டார். பெரியவர்களுக்கு வராத துணிச்சல் அந்தப் பிள்ளைகளுக்கு வந்தது.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் தலித் பெண் சமைப்பதால் பெற்றோர் சிலர் பிள்ளைகளை உண்ண விடவில்லை என்று செய்தி வந்தது. மாவட்ட ஆட்சியர் நேரில் போய் எச்சரித்த பிறகே நிலைமை மாறியது. எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியிலும் பட்டியல் சாதிப் பெண் சமைத்த உணவைப் பிள்ளைகள் உண்ணாத செய்தி வந்து, கனிமொழி அங்கே சென்று பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்ண வேண்டியிருந்தது. 1956இல் எந்த ஊரின் பெயரைச் சொல்லித் தொடங்கினோமோ அந்த ஊருக்குப் பக்கத்திலேயே 67 ஆண்டுகளுக்குப் பிறகும் கேள்வி முடியவில்லை.

'சில ஊர்களில் நடக்கும் சில்லறைச் சம்பவங்கள்' என்று இதைத் தள்ளுபவர்களுக்கு ஓர் எண் சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பட்டியல் சாதிக் குழந்தைகளில் சுமார் 39 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத பிரிவில் அது சுமார் 30 விழுக்காடு. வறுமை இதில் பெரும்பங்கு வகிக்கிறது. ஆனால் வறுமையைப் போக்கப் போட்ட திட்டத்தின் மையமே ஊர்த்தெருவில் இருந்து, காலனித் தாய் அங்கே தயங்கி நின்றால், அந்த இடைவெளி எப்படிக் குறையும்?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. அங்கன்வாடியும் சத்துணவுக் கூடமும் காலனிப் பிள்ளை தடையின்றி நடந்துபோகும் இடத்தில் இருக்க வேண்டும். 2004 ஆணைப்படி ஒவ்வொரு ஒன்றியத்திலும் எத்தனை தலித் சமையலர்கள் இருக்கிறார்கள் என்ற பட்டியலை அரசு வெளியிட வேண்டும். எதிர்ப்பு வந்தால் சமையலரை இடமாற்றம் செய்யும் அதிகாரி மீது நடவடிக்கை வேண்டும். சமூகப் புறக்கணிப்பும் குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் சொல்கிறது. ஆட்சியர் வந்து ஒருநாள் உட்கார்ந்து உண்பது நல்லதுதான், வழக்குப் பதிவதற்கு அது மாற்று ஆகாது. கூலியும் உயர வேண்டும். 2009இல் ஒன்றிய அரசு சமையலருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டில் பத்து மாதத்துக்கு மட்டும்.

வாசலைத் திறக்க ஒரு தலைமுறை போராடியது. பந்தியில் உட்கார இன்னொரு தலைமுறை போராடியது. அடுப்பங்கரையில் கரண்டியோடு நிற்கும் அந்தப் பெண்ணைத் தனியே விட்டுவிடாமல் நிற்பது நம் தலைமுறையின் வேலை.