ஐபீரிய மொழியியல் மாநாடுகளும் தமிழும்

ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழியியல் மாநாடு என்றால் தமிழ் மாணவருக்கு அங்கே வேலையில்லை என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் அம்மொழிகளின் ஆய்வு வரலாற்றில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு.

முதல் தொடர்பு

1492இல் அந்தோனியோ தே நெப்ரிகா ஸ்பானிய மொழிக்கு இலக்கணம் எழுதி அச்சிட்டார். அதன்பின் ஐபீரியப் பாதிரிமார் தாம் சென்ற நாடுகளின் மொழிகளுக்கும் இலக்கணம் வகுக்கத் தொடங்கினர். மெக்சிகோவின் நாவாட்டில் மொழிக்கு ஆந்திரேஸ் தே ஒல்மோஸ் 1547இல் ஸ்பானியத்தில் இலக்கணம் எழுதி முடித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் அன்றிக்கே அன்றிக்கசு அடிகளார் தமிழுக்குப் போர்த்துக்கீசியத்தில் இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பணியைத் தொடங்கும்படி அவரைத் தூண்டியவர், இன்றைய ஸ்பெயினிலுள்ள நவாராவில் பிறந்த பிரான்சிசு சவேரியார்.

இலக்கணத்தின் சிறப்பு

இலத்தீன் இலக்கணம் அறிந்தவர்களுக்காக எழுதப்பட்டதால், தமிழ்ப் பெயர்களையும் வினைகளையும் அந்நூல் இலத்தீன் சட்டகத்திற்குள் வைத்துக் காட்டுகிறது. அன்றைய கடற்கரை மக்களின் பேச்சு வடிவங்கள் பலவும் அதில் பதிவாகியுள்ளன. புலவர் நூல்களில் காணக் கிடைக்காத செய்தி இது. அதன் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஜீன் ஹெய்ன், வை.சு.இராஜம் இருவரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளிவந்தது.

மாநாடுகள்

இத்தகைய நூல்களை ஆராயும் துறை 'சமயப் பணியாளர் மொழியியல்' எனப்படுகிறது. இதன் முதல் பன்னாட்டு மாநாடு 2003இல் நார்வேயின் ஓஸ்லோவில் நடந்தது. 2006இல் ஸ்பெயினின் வல்லாடோலிட் நகரில் நான்காம் மாநாடு கூடியது. ஓஸ்லோ மாநாட்டை அமைத்தவர்களுள் ஒருவரான ஓட்டோ ஸ்வார்ட்ஜஸ் 2011இல் வெளியிட்ட போர்த்துக்கீசிய இலக்கணங்கள் பற்றிய நூலில் தமிழும் இடம்பெற்றுள்ளது.

கட்டுரை அனுப்பும் முறை

இவ்வகை மாநாடுகள் பொதுவாக முதலில் ஆய்வுச் சுருக்கத்தையே கேட்கும். அதில் நான்கு செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும்: ஆய்வு வினா, தரவு, ஆராயும் முறை, கண்ட முடிவு. பல மாநாடுகளில் மதிப்பிடுவோருக்கு எழுதியவர் பெயர் தெரியாது. ஆகவே சுருக்கத்தின் உள்ளே பெயரோ கல்லூரியோ வரக்கூடாது. அறிவிப்பில் கண்ட சொல் வரம்பையும் இறுதி நாளையும் மீறலாகாது. புகழ்ச்சியும் 'மூத்த மொழி' முழக்கமும் அங்கே சான்றாகா.

நம் மாணவர்க்கு

போர்த்துக்கீசியம் தெரிந்து தமிழ் தெரியாதவர், அன்றிக்கசு எழுதிவைத்த பேச்சு வடிவத்தைப் பிழை என்று எண்ணிவிடக்கூடும். மேகமலை அடிவாரத்துச் சின்னமனூரிலோ கம்பத்திலோ வளர்ந்த மாணவர், தம் ஊர்ப் பேச்சோடு அதை ஒப்பிட்டு, அது வழக்கில் உள்ள வடிவமா என்று சோதிக்க முடியும். போர்த்துக்கீசியத்தைக் கற்றுக்கொள்ளலாம். வீட்டில் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதை வெளியார் எளிதில் பெற முடியாது. நாம் எழுதாவிட்டால், நம் மொழியின் இந்தப் பக்கம் பிறர் ஊகத்திற்கே விடப்படும்.